காசின் எழுத்து களிம்புக்குள்தான் இருக்கிறது

கேள்வி: திருமங்கலத்துக்கு மேற்கே எங்களுக்குக் கரிசல் தோட்டம் இருக்கிறது. முன்பு பருத்தி, இப்போது பதினைந்து வருடமாகத் தென்னை. பட்டுப்போன மரத்துக்குப் பதிலாகக் கன்று வைக்கக் குழி வெட்டியபோது மூன்றடி ஆழத்தில் ஒரு மண் கலயம் உடைந்தது. உள்ளே செப்புக்காசுகள் நாற்பது இருக்கும், பாதி ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகக் கிடந்தன. இரண்டு வெள்ளிக் காப்புகளும் இருந்தன. காசுகளுக்கு அடியில் கிடந்த காப்பு கறுத்திருக்கிறது, ஆனால் முழுசாக இருக்கிறது. கலயத்தின் வாய்ப்பக்கம் இருந்தது சாம்பலும் ஊதாவுமாக, மெழுகு பூசினாற்போல் இருந்தது. அம்மா லேசாக விரித்துப் பார்த்ததில் முறுக்குப்போல ஒடிந்துவிட்டது. ஒரு காசைப் புளியும் உப்பும் போட்டுத் தேய்த்தோம். ரோஸ் நிறமாக வந்தது, எழுத்து ஒன்றும் தெரியவில்லை. தேய்க்காமல் வைத்த காசுகளில் நான்கைந்தில் மூன்று வாரமாக வெளிர்பச்சைப் பொடி கிளம்புகிறது. பத்தரிடம் காட்டினால் செம்பு கலந்த வெள்ளி, உருக்கிவிடலாம் என்கிறார். ஒரே கலயத்தில் இருந்தவை ஏன் ஆளுக்கொரு விதமாக ஆயின? பொடியை எப்படி நிறுத்துவது? பச்சையின் கனத்தை வைத்து வயது சொல்ல முடியுமா?

பதில்: வணக்கம். காரணங்களைப் பேசுமுன் ஒரு அவசர வேலை. மீதிக் காசுகளைத் தண்ணீர் காட்டாமல் காற்றுப் புகாத டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு போட்டு மூடிவிடுங்கள். அளவும் முறையும் கீழே சொல்கிறேன். புளி, எலுமிச்சை, விபூதி, பற்பசை, பாத்திரம் துலக்கும் பொடி எதுவும் இனி வேண்டாம். ஒட்டிய காசுகளைப் பிரிக்கவே கூடாது. ஒடிந்த காப்பின் துண்டுகளைத் தூள் உட்பட ஒரே பொட்டலமாக எடுத்து வையுங்கள். உருக்குவதற்கு எதையும் கொடுக்காதீர்கள்.

செம்பில் களிம்பு போல ஆணவம் உயிரோடு கூடவே பிறந்தது என்று சைவ சித்தாந்தம் உவமை சொல்லும். உலோகவியல் பக்கமிருந்து பார்த்தாலும் அந்த உவமை சரியாகத்தான் இருக்கிறது. செம்பு எடுக்கப்படும் கனிமங்களில் ஒன்று மலகைட் என்ற பச்சைக் கல். அதைக் கரியோடு உலையில் வைத்து உருக்கினால் செம்பு வரும். அந்தச் செம்பைக் காசாக அடித்து மண்ணில் புதைத்தால், அது மண்ணின் ஈரத்தையும் காற்றையும் கரியமில வாயுவையும் சேர்த்துக்கொண்டு மறுபடி மலகைட் ஆகிறது. உங்கள் காசுகளின் மேல் இருக்கும் கெட்டியான கரும்பச்சை அதுதான்.

இந்த மாற்றம் அடுக்கடுக்காக நடக்கிறது. அந்த அடுக்குகளைப் புரிந்துகொண்டால், புளி போட்ட காசில் எழுத்து ஏன் போயிற்று என்பது தானே விளங்கும். செம்பின்மேல் முதலில் படிவது குப்ரைட் என்ற செம்பழுப்பு ஆக்சைடு, செங்கல்லைவிடக் கொஞ்சம் கறுத்த நிறம். இது ஒரு தோல்போல உலோகத்தை ஒட்டியே, மெதுவாக, உலோகத்தின் இடத்தைத் தான் எடுத்துக்கொண்டு வளரும். காசின் விளிம்பும் எழுத்தின் மேடும் பள்ளமும் அப்படியே அந்த ஆக்சைடில் நகலாகிவிடும். கரைந்து வெளியே போன செம்பு, மண்ணிலுள்ள கார்பனேட்டோடு சேர்ந்து மேலே பச்சையாகப் படியும். அந்தப் பச்சை, செம்பு இருந்ததைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு இடம் பிடிக்கும். அதனால்தான் காசு ஊதினாற்போலவும் பொருக்குத் தட்டினாற்போலவும் தெரிகிறது.

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்றை வைத்து, ஓரம் உடைந்த காசு ஏதாவது இருந்தால் அந்த உடைப்பைப் பாருங்கள். வெளியே இருக்கும் பச்சையில் மணல் துகளும் கரிசலின் வெள்ளைச் சுக்கான் பொடியும் அகப்பட்டிருக்கும். அதற்குள்ளே சிவப்புக் கோடு ஒன்று ஓடும், அதில் மண் துகள் ஒன்றுகூட இருக்காது. மண் கலந்த அடுக்கு காசுக்கு வெளியே வளர்ந்தது. மண் கலக்காத அடுக்கு காசின் சொந்த உடம்பு. இரண்டும் சந்திக்கும் அந்தக் கோடுதான் காசு புழங்கிய நாளில் கைபட்ட மேற்பரப்பு. முத்திரை, எழுத்து எல்லாம் அந்தக் கோட்டில்தான் இருக்கின்றன. உள்ளே மிஞ்சிய உலோகத்தில் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது.

புளியில் இருக்கும் டார்டாரிக் அமிலம் பச்சையைக் கரைக்கும், அதோடு நிற்காமல் குப்ரைட்டையும் கரைக்கும். குப்ரைட் அமிலத்தில் கரையும்போது அதிலுள்ள செம்பில் பாதி கரைசலுக்குப் போகும், மறுபாதி நுண்ணிய செம்புத் தூளாக அங்கேயே படியும். நீங்கள் பார்த்த ரோஸ் நிறம் அந்தத் தூள். காசு சுத்தமானதுபோல் தெரிந்தாலும், எழுத்தைத் தாங்கியிருந்த தோல் முழுக்கக் கரைந்து, உள்ளே அரிக்கப்பட்ட சொரசொரப்பான உலோகம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. போதாததற்கு உப்பும் சேர்ந்திருக்கிறது. இந்த விஷயத்தில் மிக மோசமான எதிரி அதுதான். அம்மாவைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வீட்டுச் செம்புக் குடத்துக்குப் புளி சரியான மருந்துதான், அதன் உடம்பு முழுக்க உலோகம். மண்ணில் பல தலைமுறை கிடந்த காசின் நிலை வேறு.

இப்போது வெளிர்பச்சைப் பொடிக்கு வருவோம். காப்பாற்ற நேரம் இருப்பது இதில்தான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மண்ணில் குளோரைடு இருந்தால் அது குப்ரைட்டின் துளைகள் வழியாக உள்ளே இறங்கி, உலோகத்தை ஒட்டி, செம்புக் குளோரைடாகத் தங்கும். அதன் பெயர் நான்டோகைட். சாம்பல் கலந்த வெள்ளையாக, மெழுகுத்துண்டுபோல் இருக்கும். மண்ணுக்குள் காற்று வரத்து குறைவு, மேலே பச்சை மூடியிருக்கிறது, அதனால் அது பேசாமல் கிடக்கும். தோண்டி எடுத்துக் காயவைத்ததும் மேல் பொருக்கில் வெடிப்பு விழுகிறது. வெடிப்பு வழியாக ஆக்சிஜனும் காற்றின் ஈரமும் போய் நான்டோகைட்டைத் தொட்டதும் இரண்டு பொருள்கள் உண்டாகின்றன. ஒன்று, இடம் போதாமல் பிதுங்கி வெளிவரும் வெளிர்பச்சைப் பொடி. இன்னொன்று, ஹைட்ரோகுளோரிக் அமிலம். அந்த அமிலம் பக்கத்திலுள்ள நல்ல செம்பைத் தின்று, மறுபடி நான்டோகைட் ஆகும். அதுவும் ஈரம் கண்டதும் பொடியும் அமிலமும் ஆகும். உள்ளே வந்த குளோரைடு தீர்ந்துபோவதில்லை, சுற்றிச் சுற்றி வேலை செய்யும். துறைக்காரர்கள் இதை வெண்கல நோய் என்பார்கள். செம்புக்கும் வரும், வெண்கலத்துக்கும் வரும்.

கரிசலில் இவ்வளவு குளோரைடு எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். கரிசல் களி ஈரத்தையும் உப்பையும் பிடித்து வைக்கும் மண், வடிகால் குறைவு. கோடையில் வெடித்து மழையில் இறுகுவதால், மேலே போட்டது வெடிப்பு வழியே நேராகக் கீழே இறங்கும். அதற்குமேல் உங்கள் தென்னை. ஐந்து வயதுக்கு மேற்பட்ட மரம் ஒன்றுக்கு வருடத்துக்கு 2 கிலோ பொட்டாஷ் என்பது வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை. நாம் பொட்டாஷ் என்று வாங்குவது மியூரியேட் ஆஃப் பொட்டாஷ், அதாவது பொட்டாசியம் குளோரைடு. எடையில் பாதிக்குச் சற்றுக் குறைவு குளோரைடு. ஒரு மரத்தடியில் வருடத்துக்கு ஏறக்குறைய 900 கிராம் குளோரைடு போகிறது. கன்று வைக்கும்போது குழியில் கல்லுப்பு கொட்டும் பழக்கமும் நம் பக்கம் உண்டு. போர்வெல் தண்ணீர் உப்பாக இருந்தால் அதுவும் சேரும். நூற்றாண்டுக் கணக்கில் கலயத்துக்குள் நிதானமாக நடந்த வேலையை இந்தப் பதினைந்து வருடம் வேகப்படுத்தியிருக்க வாய்ப்பு அதிகம்.

பொடி உண்மையிலேயே அதுதானா என்று பார்க்க எளிய வழி இருக்கிறது. வெள்ளைத்தாளில் காசை வைத்து, மருந்துக்கடையில் கிடைக்கும் நைட்ரைல் கையுறை போட்டுக்கொண்டு, பல்குத்தும் குச்சியின் முனையால் பச்சையைத் தொடுங்கள். மலகைட் என்றால் குச்சி வழுக்கும், ஒன்றும் உதிராது. நோய் என்றால் பிஸ்தா நிறப் பொடி தாளில் கொட்டும். கொட்டிய இடத்தில் குண்டூசித் தலையளவு பள்ளம் தெரியும். லென்ஸில் பார்த்தால் பள்ளத்தின் அடியில் சாம்பல்வெள்ளை மெழுகு தெரியலாம். அதைத் தோண்டாதீர்கள். உதிர்ந்த பொடியைத் தாளோடு மடித்து அப்புறப்படுத்துங்கள். மூக்கில் முகக்கவசம் இருக்கட்டும். செம்பு உப்புகள் நச்சு, சமையல் மேடையில் வைத்து இந்த வேலையைச் செய்யக்கூடாது.

இந்தச் சுழற்சிக்கு ஈரம் வேண்டும். காற்றின் ஒப்பு ஈரப்பதம் 42 முதல் 46 விழுக்காட்டைத் தாண்டினால்தான் அது ஓடும். 35க்குக் கீழே வைத்திருந்தால் நின்றுவிடும். ஆனால் மதுரைப் பக்கம் திறந்த அறையில் அந்த அளவு உலர்வு, சித்திரை வெயிலில் மதியம் கிடைத்தாலும் விடிகாலையில் தங்காது. ஐப்பசி, கார்த்திகையில் 80 தாண்டும் நாட்கள் சாதாரணம். பீரோவில் துணி சுற்றி வைத்தால் போதாது என்பது இதனால்தான்.

டப்பா முறை இது. ரப்பர் வளையத்தோடு நான்கு பக்கமும் கொக்கி போட்டு மூடும் உணவு டப்பா, இரண்டு லிட்டர் அளவு, இரண்டு வாங்குங்கள். நிறம் மாறும் சிலிக்கா ஜெல்லில் ஆரஞ்சு வகை வாங்குவது நல்லது. நீல வகையில் கோபால்ட் குளோரைடு இருக்கிறது, அது உடம்புக்கு ஆகாது. நீலம் மாறத் தொடங்கும்போது ஈரம் ஏற்கெனவே எல்லையைத் தொட்டிருக்கும் என்பது இன்னொரு குறை. காசுகளின் மொத்த எடைக்குக் குறையாத எடையில் ஜெல் வேண்டும். உங்கள் நாற்பது காசுக்கு 250 கிராம் தாராளம். ஜெல்லைப் பழைய மல்வேட்டித் துணியில் தளர்வாகக் கட்டி டப்பாவின் அடியில் பரப்புங்கள். அதன்மேல் டிவி, பிரிட்ஜ் அட்டைப்பெட்டியில் வரும் வெள்ளை நுரைத்தாள் ஒன்று. காசுகளை ஒவ்வொன்றாகச் சிறிய ஜிப் கவரில் போட்டு, கவரில் ஊசியால் ஏழெட்டு ஓட்டை குத்துங்கள். ஓட்டை இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் ஈரம் ஜெல்லுக்குப் போகாது. பென்சிலில் எண் எழுதிய சீட்டு கூடவே இருக்கட்டும், பேனா மை வேண்டாம். சின்ன டிஜிட்டல் ஈரமானி ஒன்றை மூடிக்கு அடியில், வெளியிலிருந்து தெரியும்படி வையுங்கள்.

முதல் இரண்டு நாளில் ஜெல் நிறம் மாறினால் பயப்படாதீர்கள், காசிலும் மண்ணிலும் இருந்த ஈரத்தை அது உறிஞ்சியிருக்கிறது. மாறிய ஜெல்லை ஓவனில் 110 முதல் 120 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்தால் பழைய நிறம் திரும்பும். வேறொரு டப்பாவில் மூடி ஆறவைத்து, மறுபடி போடுங்கள். திறந்து ஆறவைத்தால் ஆறுவதற்குள் பாதி ஈரம் குடித்துவிடும். பொடி வரும் காசுகளைத் தனி டப்பாவில் வையுங்கள். நோய் என்று பெயர் இருப்பதால் தொற்றும் என்று நினைக்க வேண்டாம். பொடி எந்தக் காசிலிருந்து உதிர்கிறது என்று தெரிய வேண்டும், அதுதான் காரணம். கவர்களுக்கு அடியில் ஒரு வெள்ளைத்தாள் விரித்து, மாதம் ஒரு தடவை அதைப் பாருங்கள். தாள் சுத்தமாக இருந்தால் சுழற்சி நின்றிருக்கிறது.

பஞ்சு, செய்தித்தாள், மரப்பெட்டி, வெல்வெட் பை ஆகியவை வேண்டாம். பஞ்சு பொருக்கில் சிக்கி இழுக்கும். செய்தித்தாளும் மரமும் அமில ஆவி விடும். காசு பளபளக்கட்டும் என்று சிலர் தேங்காய் எண்ணெயோ நகப்பூச்சோ தடவுவார்கள். எண்ணெயிலுள்ள கொழுப்பு அமிலம் செம்போடு சேர்ந்து பச்சைச் சோப்பு ஆகும். நகப்பூச்சு ஈரத்தை உள்ளேயே அடைத்து வைக்கும், மேலே பூச்சு மினுங்கும்போது அடியில் நோய் வளரும்.

புளியில் போட்ட காசைத் தனியாகக் கவனிக்க வேண்டும். அதில் அமிலமும் உப்பும் தங்கியிருக்கும். பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீர் ஒரு கண்ணாடிக் கிளாஸில் 200 மில்லி எடுத்து, காசை அரைமணி நேரம் வையுங்கள். தண்ணீரைக் கொட்டிப் புதிதாக ஊற்றி இன்னும் மூன்று தடவை அப்படியே செய்யுங்கள். குழாய்த் தண்ணீர் ஆகாது, அதிலேயே குளோரைடு உண்டு. கடைசித் தண்ணீரில் குளோரைடு மிச்சமிருக்கிறதா என்று அறிய, பக்கத்துப் பள்ளி வேதியியல் ஆசிரியரிடம் கேட்டால் ஒரு சொட்டு நைட்ரிக் அமிலமும் ஒரு சொட்டு சில்வர் நைட்ரேட்டும் விட்டுப் பார்ப்பார். பால்போலக் கலங்கினால் இன்னும் கழுவ வேண்டும். தெளிந்ததும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் பத்து நிமிடம் முக்கி, நிழலில் உலர்த்தி, டப்பாவில் சேர்த்துவிடுங்கள். இந்தக் கழுவல் அந்த ஒரு காசுக்கு மட்டும். பச்சை மாறாத காசுகளைத் தண்ணீரில் ஊறவைத்தால் உள்ளே அடங்கியிருக்கும் நான்டோகைட்டை நாமே எழுப்பிவிடுவதாகும்.

ஒட்டிய கட்டியை ஏன் பிரிக்கக்கூடாது என்றும் சொல்லிவிடுகிறேன். ஒட்டிய இடத்தில் இரண்டு காசின் களிம்பும் ஒன்றாக வளர்ந்திருக்கும். நெம்பினால் ஒரு காசின் எழுத்துத் தோல் உரிந்து மற்றதில் ஒட்டிக்கொண்டு வரும். இன்னொரு காரணம், கட்டியின் வெளிப்பக்கத்தை லென்ஸில் பார்த்தால் குறுக்கும் நெடுக்குமாக நூலோட்டம் தெரிய வாய்ப்பு இருக்கிறது. காசைத் துணியில் முடிந்துதானே கலயத்தில் போடுவார்கள். செம்பு உப்பு கிருமியை அண்டவிடாது என்பதால், மண்ணில் சில வருடத்தில் மக்கியிருக்க வேண்டிய பருத்தி நூல் செம்பை ஒட்டிய இடத்தில் மட்டும் தப்பும், அல்லது நூலின் உருவம் பச்சையிலேயே அச்சாகி நிற்கும். நூல் எந்தப் பக்கம் முறுக்கப்பட்டது, ஓர் அங்குலத்தில் எத்தனை இழை என்பதெல்லாம் அதிலிருந்து எண்ணலாம். கட்டியைப் பிரித்தால் முதலில் போவது அதுதான். அருங்காட்சியகங்களில் இப்படிப்பட்ட கட்டியை எக்ஸ்ரே எடுத்து, பிரிக்காமலே உள்ளே எத்தனை காசு, என்ன முத்திரை என்று பார்க்க முயல்வார்கள்.

வெள்ளிக்கு வருகிறேன். பத்தர் சொன்னது உண்மைதான். பழைய வெள்ளியில் கடினத்துக்காகச் செம்பு கலந்திருப்பார்கள். உருக்குவது என்ற முடிவில்தான் அவரோடு உடன்பட முடியவில்லை. அவர் கையில் கிடைக்கப்போவது சில கிராம் வெள்ளி. காப்பாக இருக்கும்வரை அது ஒரு சான்று.

இரண்டு காப்புக்கும் நேர்ந்தது வெவ்வேறு. அடியில் இருந்ததைக் காசுகள் காப்பாற்றியிருக்கின்றன. இரண்டு உலோகம் ஈரத்தில் தொட்டுக்கொண்டு கிடந்தால், எளிதில் அரிபடும் உலோகம் தன்னைக் கொடுத்து மற்றதைக் காக்கும். வெள்ளிக்குப் பக்கத்தில் செம்பு அப்படித் தன்னைக் கொடுக்கும். அதனால்தான் அந்தக் காப்பு முழுசாக இருக்கிறது. அதைத் தொட்டுக்கிடந்த காசுகள் மற்றவற்றைவிட அதிகம் அரிபட்டிருக்கின்றனவா என்று பாருங்கள், அநேகமாக அப்படித்தான் இருக்கும். அடியில் காற்றோட்டம் இல்லாமல், மக்கும் பொருளிலிருந்து வந்த கந்தக வாயு பட்டு மேலே கறுப்பு சல்பைடு படிந்திருக்கிறது. அது மெல்லிய படலம், அவசரமாக எடுக்க வேண்டியதில்லை. விபூதி தேய்த்தால் கறுப்போடு கோட்டு வேலைப்பாடும் தேயும். அலுமினியத் தாளும் சோடாவும் உப்பும் வெந்நீரில் போடும் வீட்டு வைத்தியம் புது வெள்ளிக்குச் சரி. மண்ணிலிருந்து வந்ததற்கு அது உப்பையும் கொடுத்து, தளர்ந்த செதிலையும் கிளப்பிவிடும். இந்தக் காப்பை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டாதீர்கள், ரப்பரிலுள்ள கந்தகம் பட்ட இடத்தில் கறுப்புக் கோடு விழும்.

வாய்ப்பக்கம் இருந்த காப்பு குளோரைடுக்கு நேராகக் கிடந்தது. அதன் வெள்ளி, வெள்ளிக் குளோரைடாக மாறியிருக்கிறது. கொம்பைச் செதுக்குவதுபோல் கத்தியால் சீவ முடியும் என்பதால் கொம்பு வெள்ளி என்று பெயர். ஊதா நிறம் வெளிச்சத்தால் வந்தது. பழைய புகைப்படச் சுருளில் வெளிச்சம் பட்டதும் கறுக்குமே, அந்த உப்புகளின் இனம்தான் இது. ஆகவே அந்தத் துண்டுகளை இருட்டில் வையுங்கள். வெள்ளி இருந்த இடத்தைப்போல் இரண்டரை மடங்கு இடம் பிடிப்பதால் காப்பு பருத்துத் தெரியும், உருவத்தையும் ஓரளவு தாங்கும். ஆனால் உள்ளே உலோகம் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதை வெளியிலிருந்து சொல்ல முடியாது.

ஒடிந்ததற்குக் காரணம் இன்னும் உள்ளே இருக்கிறது. உலோகம் என்பது அரிசிப்பொரி உருண்டைபோலப் பல மணிகள் ஒட்டிச் சேர்ந்தது. வெள்ளியில் கரைந்திருந்த செம்பு, நூற்றாண்டுகளில் மெல்ல மெல்ல மணிகளின் விளிம்புக்கு வந்து ஒதுங்கும். அரிப்பு அந்த விளிம்பு வழியாகவே ஊர்ந்து, செம்பைத் தின்றுகொண்டு போகும். மணிகள் அப்படியே இருக்கும், இடையில் இருந்த பிடிமானம் போய்விடும். புதுக் காப்பு வளைந்து கொடுக்கும், இது வளைந்து கொடுக்காமல் ஒடியும். முழுசாக இருக்கும் கறுத்த காப்புக்கும் இதே பலவீனம் உள்ளே இருக்கலாம். அதை விரிக்கவோ யார் கையிலும் போட்டுப் பார்க்கவோ கூடாது. ஒடிந்த துண்டுகளை வீட்டிலிருக்கும் பசையால் ஒட்டாதீர்கள். எபாக்ஸி போட்டால் பிறகு எடுப்பவர் படும் பாடு பெரிது.

அருங்காட்சியக ஆய்வுக்கூடத்தில் என்ன செய்வார்கள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள், எதை எதிர்பார்க்கலாம் என்று தெரியும். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930களிலிருந்தே வேதியியல் பாதுகாப்பு ஆய்வுக்கூடம் இயங்குகிறது. அங்கே வெண்கலத் திருமேனிகளை மின்பகுப்பு முறையில் சுத்தம் செய்திருக்கிறார்கள். இன்று பொதுவாகக் காசுக்கு நுண்ணோக்கியின் கீழ் அறுவைக் கத்தியால், மண் கலந்த பச்சையைச் சிவப்புத் தோல் வரைக்கும் செதில் செதிலாக எடுப்பதையே விரும்புகிறார்கள். ஒரு காசுக்கே பல மணி நேரம் ஆகலாம். பிறகு ஆல்கஹாலில் 3 விழுக்காடு பென்சோடிரையசோல் கரைசலில் ஊறவைப்பார்கள். அது செம்போடு சேர்ந்து ஈரம் புகாத மெல்லிய தடுப்பாகும். நோய் கண்ட பள்ளத்தில் வெள்ளி ஆக்சைடு வைத்து அடைப்பதும் உண்டு. அங்கே குளோரைடு வெள்ளிக் குளோரைடாகக் கட்டுண்டுவிடும். கடைசியில் பாரலாய்ட் பி-72 என்ற அக்ரிலிக் பூச்சு, வேண்டும்போது அசிட்டோனில் கரைத்து எடுத்துவிடலாம். பென்சோடிரையசோல் நச்சுத்தன்மை உள்ளது. இணையத்தில் வாங்கி வீட்டில் செய்யலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். எல்லாம் செய்த பிறகும் டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் தேவைதான். உலர்வு இல்லாவிட்டால் எந்த மருந்தும் தாங்காது.

வயது பற்றிக் கேட்டிருந்தீர்கள். பச்சையின் கனத்தை வைத்துச் சொல்லவே முடியாது. உப்பு மண்ணில் சில பத்தாண்டுகளில் வளரும் கனம், வடிகால் நன்றாக உள்ள செவல் மண்ணில் பல நூறு ஆண்டுகளில்கூட வளராமல் இருக்கலாம். கண்மாய் அடிச்சேற்றில் காற்றே இல்லாமல் கிடந்தது கிட்டத்தட்டப் புதிதுபோல வரும். பக்கத்துக் காசுக்கும் இந்தக் காசுக்குமே வித்தியாசம் இருப்பதைத்தான் நீங்கள் பார்க்கிறீர்களே. வயதைச் சொல்வது காசின் முத்திரையும் எடையும் வடிவமும், கலயத்தின் ஓடும், அது கிடந்த மண்ணடுக்கும்தான். மதுரை வட்டாரத்தில் பாண்டியர் மீன் முத்திரையும் வரும், நாயக்கர் காசும் வரும், வைகைப் படுகையில் சின்னஞ்சிறு ரோமச் செப்புக்காசுகளும் கிடைத்திருக்கின்றன. பெருவழுதி என்ற பாண்டியன் பெயரைத் தமிழி என்னும் பழைய தமிழ் எழுத்தில் பொறித்த சதுரச் செப்புக்காசு இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த எழுத்தின் மேடு எவ்வளவு மெலிதானது என்பதை நினைத்துப் பாருங்கள். ஒரு ராத்திரிப் புளியில் அது மிஞ்சியிருக்காது.

தேய்க்காமலே எழுத்துப் பார்க்க ஒரு வழி உண்டு. இருட்டறையில் காசை மேசைமேல் வைத்து, செல்போன் டார்ச்சை மேசை மட்டத்திலேயே, கிட்டத்தட்டப் படுக்கைவாட்டில் பிடியுங்கள். வெளிச்சத்தைக் காசைச் சுற்றி எட்டுத் திசையிலிருந்தும் கொண்டுவந்து, ஒவ்வொரு திசைக்கும் ஒரு படம் எடுங்கள், பக்கத்தில் அளவுகோலோடு. ஒரு திசையில் தெரியாத கோடு அடுத்த திசையில் நிழல் விழுந்து தெரியும். களிம்பின் மேலேயே முத்திரையின் சாயல் பல சமயம் கிடைத்துவிடும்.

கடைசியாகச் சட்டம். மண்ணுக்குள் மறைந்து கிடந்த, மதிப்புள்ள எதுவும் 1878ஆம் ஆண்டு இந்தியப் புதையல் சட்டத்தின்படி புதையல். அதன் மதிப்பு பத்து ரூபாய்க்கு மேல் இருந்தால், என்ன கிடைத்தது, எங்கே, எந்தத் தேதியில், உத்தேச மதிப்பு என்ன என்று கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் ஓராண்டு வரை சிறையோ அபராதமோ, இரண்டுமோ உண்டு, உங்களுக்கு வரவேண்டிய பங்கும் போய்விடும். தெரிவித்தால், உரிமை கோர வேறு யாரும் இல்லாத நிலையில், கண்டெடுத்தவருக்கும் நிலத்துக்காரருக்கும் சட்டத்தில் பங்கு உண்டு. அரசு அதை எடுத்துக்கொண்டால், அது செய்யப்பட்ட உலோகத்தின் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்க வேண்டும் என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது. மூன்று வாரம் ஆகிவிட்டது, இனி தள்ளிப்போடாதீர்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் ஒரு நகல் கொடுத்து, தாசில்தார் வழியாகவே ஆட்சியருக்கு எழுதலாம். புளி போட்ட விஷயத்தையும் ஒடிந்ததையும் அப்படியே எழுதிவிடுங்கள், பின்னால் ஆய்வு செய்பவருக்கு அது தேவைப்படும். மதுரையில் காந்தி நினைவு அருங்காட்சியக வளாகத்திலேயே அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. பொருளைப் பார்த்துச் சொல்ல அங்கேயும் அணுகலாம்.

ஒப்படைக்கும்போது காசும் காப்பும் மட்டும் போதாது. கலயத்தின் ஓடுகள் அத்தனையும், கழுவாமல். கலயத்துக்குள் இருந்த மண் மிச்சமிருந்தால் அது ஒரு கவரில். குழியின் சுவரிலிருந்து, கலயம் இருந்த மட்டத்தில், இரண்டு கைப்பிடி மண் தனியாக. அந்த மண்ணில் குளோரைடு எவ்வளவு என்று அளந்தால்தான் எந்தக் காசை முதலில் கவனிப்பது என்று முடிவு செய்ய முடியும். பஸ்ஸில் போனால் டப்பாவை மடியில் வைத்துக்கொள்ளுங்கள், மேல் ரேக்கில் வேண்டாம்.

குழியை அதுவரை மூடவும் வேண்டாம், கன்றும் வைக்க வேண்டாம். மழைத்தண்ணீர் இறங்காமல் ஒரு தார்ப்பாய் போட்டு, சுற்றிலும் வரப்புக் கட்டிவிடுங்கள். பக்கத்து நான்கு மரங்களுக்கு இந்தத் தடவை பொட்டாஷும் உப்பும் வைக்காமல் விடுங்கள். அந்த இடத்தில் கலயம் ஒன்றுதான் இருந்ததா என்று இன்னும் யாரும் பார்க்கவில்லை.